வீடியோ நாடாவும் அதன் மறுபயனும்

சொல்லிய சொல் காற்றோடு போம். செய்த செயல் கண்டார் நினைவோடு போம். இவ்விரண்டையும் போகவொட்டாது பிடித்து வைத்தல் வேண்டுமென்னும் அவா மக்களுக்குத் தொன்றுதொட்டே உண்டு. கல்லிற் பொறித்தும், செப்பேட்டில் வெட்டியும், ஓலையில் எழுத்தாணி கொண்டு கீறியும் நம் முன்னோர் அவ்வவாவை ஒருவாறு நிறைவேற்றிக் கொண்டனர். சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில், அசையும் உருவத்தையும் ஒலிக்கும் குரலையும் ஒருங்கே பற்றிவைக்கும் கருவியொன்று இல்லங்களிலும் புகுந்தது. காம்கார்டர் எனப் பெயர் பூண்ட அக்கருவிக்கு உயிர்போன்றது அதனுள் ஓடிய நாடாவேயாம். அந்நாடாவைத் தேர்ந்தெடுக்கும் முறை யாது, ஒருமுறை பதிந்ததை அழித்து மீண்டும் பதிதல் எங்கே சிக்கனமாம், எங்கே பெருங்கேடாம் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். “வழக்கொழிந்த கருவியைப் பற்றி இப்போது ஆராய்ச்சி எற்றுக்கு?” எனச் சிலர் வினவலாம். வழக்கொழிந்தமையாலேயே இவ்வாராய்ச்சி இன்று இன்றியமையாததாயிற்று என்பது போகப்போகப் புலனாகும்.

முதற்கண் நாடாவின் இயல்பை அறிவோம். பாலியெஸ்டர் என்னும் பொருளாலாகிய மெல்லிய பட்டையின்மீது காந்தத் தன்மை ஏற்கும் நுண்பொருள் படிந்திருக்கும். காம்கார்டரின் உள்ளே சற்றுச் சாய்வாக அமைந்த உருளையொன்று விரைந்து சுழலும். அதன் விளிம்பில் ‘ஹெட்’ எனப்படும் காந்தமுனைகள் பதிக்கப்பட்டிருக்கும். நாடா அவ்வுருளையைத் தழுவிக்கொண்டு மெல்ல ஊர்ந்து செல்லுங்கால், அம்முனைகள் அதன்மீது சாய்ந்த கோடுகளாகக் காட்சியை எழுதிச் செல்லும். மினி டிவி என்னும் வகையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதன் நாடா 6.35 மில்லிமீட்டர் அகலமே உடையது. அது வினாடிக்கு ஏறத்தாழ 19 மில்லிமீட்டர் மாத்திரமே நகரும். உருளையோ நிமிடத்திற்கு 9,000 முறை சுழலும். நம் நாட்டில் வழங்கிய பி.ஏ.எல். முறையில், காட்சி வினாடிக்கு 25 படங்களாகவும், ஒவ்வொரு படமும் 12 கோடுகளாகவும் பிரிக்கப்படும். எனவே வினாடிதோறும் 300 கோடுகள் எழுதப்படுகின்றன. ஒரு கோட்டின் அகலம் மில்லிமீட்டரில் நூற்றிலொரு பங்கு. இத்துணை நுண்ணிய எழுத்தின்மேல் ஒரு தூசித்துகள் விழுந்தாலும், நாடாவின் ஓரம் சிறிது மடங்கினாலும், காட்சி சிதையும் என்பதை அறிவுடையோர் எளிதில் உய்த்துணர்வர்.

காம்கார்டர் நாடாக்கள் பல வகைப்பட்டன. ஜப்பான் நாட்டு ஜே.வி.சி. நிறுவனத்தார் 1976-ஆம் ஆண்டு வெளியிட்ட வி.எச்.எஸ். நாடா 12.7 மில்லிமீட்டர் அகலமுடையது. அதற்கேற்ற காம்கார்டர் தோள்மேற் சுமக்கத்தக்க பருமனுடையதாயிருந்தது. அதே நாடாவைச் சிறு பெட்டியில் அடக்கி 1982-இல் வி.எச்.எஸ்.-சி என்பதனை வெளியிட்டனர். 1985-ஆம் ஆண்டளவில் எட்டு மில்லிமீட்டர் அகலமுள்ள வீடியோ-8 நாடா பரவிற்று. 1989-இல் அதனினும் தெளிவுமிக்க ஹை-8 தோன்றிற்று. 1995-இல் வந்த மினி டிவி, காட்சியை எண்களாக மாற்றிப் பதியும் முறையை வீட்டாரின் கைக்குக் கொணர்ந்தது. பின்னர் 1999-இல் வந்த டிஜிட்டல்-8 என்பது ஹை-8 நாடாவையே கொண்டு எண்முறையிற் பதிந்தது. ஆயின் நாடாவை விரைவாக ஓட்டியமையின், அதே கேசட்டிற் பதியும் நேரம் குறைந்தது.

இனி, தேர்தல் முறையைக் கூறுவோம். கருவிக்கு உரிய வகையையே வாங்குதல் வேண்டுமென்பது சொல்லாமலே விளங்கும். அதற்கு மேலும் கருதத்தக்கன நான்கு.

முதலாவது, பூச்சின் வகை. எட்டு மில்லிமீட்டர் நாடாக்களில், உலோகத்துகளைப் பசையோடு கலந்து பூசியது ஒருவகை. வெற்றிடத்தில் உலோகத்தை ஆவியாக்கிப் படியவைத்தது மற்றொரு வகை. பின்னது தெளிவு மிகுந்த படத்தைத் தரும். ஆயின் அதன் படலம் மிக மெல்லியதாகலின் தேய்வுக்கு எளிதில் இலக்காகும். முன்னது தெளிவிற் சிறிது குறைந்தாலும் உழைப்பைத் தாங்கும். ஒருமுறை பதிந்து பத்திரப்படுத்துவதற்குப் பின்னதும், பலகால் ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னதும் ஏற்றன எனப் பழகியோர் கூறுவர்.

இரண்டாவது, நீளம். ஒரே பெட்டியில் மிகுந்த நேரம் அடங்கவேண்டுமாயின் நாடாவை மெல்லியதாக்குதலன்றி வேறு வழியில்லை. மினி டிவியில் 60 நிமிட நாடாவைக் காட்டிலும் 80 நிமிட நாடா மெல்லியது. மெல்லியது நீளும், சுருளும், சிக்கும். கருவியின் வேகத்தைக் குறைத்து 60 நிமிட நாடாவில் 90 நிமிடம் பதியும் வசதியும் உண்டு. அதனால் கோடுகள் நெருங்கி ஒடுங்குகின்றன; ஒரு கருவியிற் பதிந்ததை மற்றொரு கருவி படிக்க மறுப்பதும் நேர்கிறது. நேரத்தை மிச்சம் பிடிக்கப் போய்ப் பதிவையே இழத்தல் எவ்வாறு சிக்கனமாகும்?

மூன்றாவது, ஒரே வகையைக் கைக்கொள்ளுதல். காந்தமுனை உராய்ந்து தேயாதவாறு நாடாவின்மேல் ஒருவித வழவழப்புப் பொருள் இடப்பட்டிருக்கும். அது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். இன்று ஒன்று, நாளை மற்றொன்று என மாறிமாறி இட்டால், இருவகைப் பொருளும் முனையிற் கூடிப் பிசுக்காகப் படியக்கூடும் என எச்சரித்து, ஒன்றைத் தெரிந்துகொண்டு அதனையே தொடர்க என்று தொழிலில் தேர்ந்தோர் அறிவுறுத்தி வந்தனர்.

நான்காவது, விலை. மலிவென்று கருதிப் பெயரறியா நாடாவை வாங்குதலும், பிறர் பதிந்து அழித்த நாடாவைப் புதிதென நம்பி வாங்குதலும் ஆகா. பிள்ளையின் பெயர்சூட்டு விழாவுக்குப் பந்தலும் விருந்தும் இட்டுப் பெருஞ்செலவு செய்பவர், அவ்விழாவைத் தாங்கி நிற்கும் நாடாவிற் சில ரூபாய் குறைக்க முயல்வது நகைக்கத்தக்கதன்றோ?

நிற்க. மறுபயனைப் பற்றி இனி ஆராய்வோம். காந்தப் பதிவின் தனிச்சிறப்பு யாதெனில், அதனை அழித்து அவ்விடத்திலேயே வேறொன்றைப் பதியலாம் என்பதே. புகைப்படச் சுருளுக்கு இவ்வாற்றல் இல்லை; ஒளி பட்ட சுருள் பட்டதே. வி.எச்.எஸ். கருவியில் நாடாவின் முழு அகலத்தையும் துடைக்கும் முனையொன்று தனியே உண்டு. மினி டிவியில் துடைத்தலென்னும் வேலையே இல்லை. புதிய கோடு பழைய கோட்டின்மேல் நேரே எழுதப்பட, பழையது மாயும்.

இங்ஙனம் மீண்டும் மீண்டும் பதிவதால் நாடாவுக்கு நேரும் தீங்கு யாது? பதியினும், ஓட்டிப் பார்ப்பினும், முன்னும் பின்னும் சுற்றினும், ஒவ்வொரு முறையும் நாடா உராய்வுக்கு உள்ளாகிறது. பூச்சு உதிர்கிறது, ஓரங்கள் நைகின்றன, அடிக்கடி நிறுத்தித் தொடங்கும் இடங்களில் நாடா நீள்கிறது. பழைய முறைக் கருவிகளில் இக்குறை படத்தில் வெண்கீற்றுகளாக உடனே தோன்றி எச்சரிக்கும். எண்முறைக் கருவியோ அங்ஙனமன்று. சிறு பிழைகளை அது தானே திருத்திக்கொண்டு நன்றாகவே காட்டும். பிழை அளவு கடந்த அன்றுதான் படம் திடீரெனச் சதுரந்சதுரமாக உடைந்து, ஒலியும் அற்றுப்போம். குறை வெளிப்படும் நாளில் அதனைத் தீர்க்கும் வழி இராது. ஆதலின் நேற்று நன்றாயிருந்தது என்பது எண்முறை நாடாவுக்குப் போதிய சான்றாகாது.

அங்ஙனமாயின் மறுபயன் முற்றும் விலக்கத்தக்கதோ எனின், அன்று. நாடக ஒத்திகையைப் பதிந்து பார்த்துப் பிழை திருத்துவோரும், பந்து வீசும் முறையைப் பதிந்து ஆராயும் விளையாட்டு மாணவரும், கருவியைப் பழகிக்கொள்ள முயல்வோரும் ஒரே நாடாவைப் பலகால் உபயோகித்தல் அறிவுடைமையே. பயன் தீர்ந்தபின் அழிவதற்கென்றே அவை பதியப்பட்டன. மீண்டும் நிகழக்கூடியது எதுவோ அதற்குப் பழைய நாடா. மீண்டும் நிகழாதது எதுவோ அதற்குப் புதிய நாடா. புதிய நாடாவிற் பதிந்ததை ஒருபோதும் அழியாமை. மறுபயனுக்குரிய விதி இவ்வளவே.

எழுதிய பொருளை அழித்து அதன்மேல் எழுதுதல் நாடாவோடு தோன்றிய வழக்கமன்று. மேனாட்டில் தோலேடு அரிதாயிருந்த காலத்தில், பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டு அதன்மேற் புதியது எழுதுவர். கிரேக்கக் கணித மேதை ஆர்க்கிமிடீஸின் நூல்களைத் தாங்கிய பத்தாம் நூற்றாண்டுப் படியொன்று, 1229-ஆம் ஆண்டில் இவ்வாறு சுரண்டப்பட்டு வழிபாட்டு நூலாக மாறிற்று. ஆயினும் தோலில் ஊறிய மை முற்றும் நீங்கவில்லை. 1906-இல் ஹைபெர்க் என்னும் டென்மார்க்கு நாட்டறிஞர் அதனைக் கான்ஸ்டாண்டினோபிளிற் கண்டு படித்தார். 1999 முதல் பல்லாண்டுகள் அறிவியலார் பல்வகை ஒளியாலும் எக்ஸ் கதிராலும் ஆராய்ந்து, மறைந்த வரிகள் பலவற்றை மீட்டனர். நம் ஓலைச் சுவடியோ, எழுத்தாணி கீறிய வடுவை ஏற்றபின் வேறு எழுத்தை ஏற்பதில்லை, எழுதியது எழுதியதே. வீடியோ நாடா இவ்விரண்டிற்கும் மாறானது. அதன்மேற் புதிதாகப் பதிந்தபின் பழைய காட்சியின் நிழலையும் மீட்டுப் பார்த்தல் நடைமுறையில் இயலாது.

இதனால் உலகம் இழந்தவை சிலவற்றைக் காண்போம். அமெரிக்காவில் ஆம்பெக்ஸ் நிறுவனத்தார் 1956-இல் வெளியிட்ட முதல் வீடியோ நாடாக் கருவிக்கு இரண்டு அங்குல அகலமுள்ள நாடா வேண்டியிருந்தது. அது வினாடிக்கு 15 அங்குலம் ஓடிற்று. ஒரு மணி நேரப் பதிவுக்கு 4,500 அடி நாடா தேவை. அத்தகைய சுருள் மிக்க விலையுடையதாகலின், ஒன்றையே அழித்தழித்துப் பதிதல் தொலைக்காட்சி நிலையங்களில் வழக்கமாயிற்று. இங்கிலாந்தின் பி.பி.சி. நிலையத்தார், 1963-இல் தொடங்கிய ‘டாக்டர் ஹூ’ என்னும் தொடர்நாடகத்தின் முதல் ஆறாண்டுகளில் 253 பகுதிகளை ஒளிபரப்பினர். அவற்றின் நாடாக்கள் 1967 முதல் அழிக்கப்பட்டன. 1978-ஆம் ஆண்டளவிலேயே பழைய நிகழ்ச்சிகளைப் பேணும் ஒழுங்கு அந்நிலையத்தில் நிலைபெற்றது. இன்று கிடைக்கும் பழைய பகுதிகளுட் பல, பிற நாட்டு நிலையங்களுக்கு விற்பதற்காகத் திரைப்படச் சுருளில் எடுத்த படிகளால் உயிர் பிழைத்தவை. அவற்றுள் ஒன்பது பகுதிகள் நைஜீரியா நாட்டில் அகப்பட்டமை 2013-இல் அறிவிக்கப்பட்டது. காணாமற்போன பகுதிகளின் ஒலியோ, அக்காலத்துச் சிறுவரும் இளைஞரும் தத்தம் வீட்டில் ஒலிநாடாவிற் பதிந்து வைத்தமையால் எஞ்சிற்று. நிலையத்தார் அழித்ததை இரசிகர் காத்தனர்.

இதனினும் வியப்பானது நிலவுப் பயணத்தின் பதிவு. 1969 ஜூலை மாதத்தில் ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலவில் நடந்த காட்சியை, அங்கிருந்த காமிரா வினாடிக்கு 10 படங்கள் வீதம் அனுப்பிற்று. அது வழக்கமான தொலைக்காட்சி முறைக்கு ஒவ்வாமையின், கலிபோர்னியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருந்த நிலையங்களில் அதனைத் திரையிற் காட்டி, அத்திரையை மற்றொரு காமிராவாற் படம்பிடித்து உலகுக்கு அனுப்பினர். அதனால் தெளிவு குன்றிற்று. குன்றாத மூலக்காட்சி வேறு அளவைக் குறிப்புகளோடு ஓரங்குல நாடாக்களிற் பதிந்து வைக்கப்பட்டது. பல்லாண்டுகள் கழித்து அவற்றைத் தேடிய நாஸா நிலையத்தார், நாடாப் பற்றாக்குறை நேர்ந்த காலத்தில் அவையும் பிறவற்றோடு அழிக்கப்பட்டு மறுபயனுக்குச் சென்றிருத்தல் வேண்டும் என்னும் முடிவுக்கு 2009-இல் வந்தனர். தொலைக்காட்சி நிலையங்களிற் கிடைத்த படிகளைக் கொண்டே அக்காட்சியைச் செப்பனிட்டு அவ்வாண்டு வெளியிட்டனர்.

இவ்விரு நிலையத்தாரையும் அறிவிலிகள் என்று இகழ்தல் தகாது. அவர்கள் வீண்செலவு செய்யவில்லை, சிக்கனமே செய்தனர். நாடாவின் விலை அவர்கள் கணக்கிற் பதிந்திருந்தது. அதிற் பதிந்திருந்ததன் விலை எக்கணக்கிலும் பதியவில்லை. வெறும் நாடா எத்துணை விலையாயினும் பின்னர் வாங்கலாம். நிலவில் முதலடி வைத்த நாள் மீண்டும் வாராது. இக்கணக்குப் பிழை பெரிய நிலையங்களுக்கு மாத்திரம் உரியதன்று. பாட்டனார் பேசிய பேச்சின்மேற் கிரிக்கெட் ஆட்டத்தையும், குழந்தையின் முதல் நடையின்மேற் றிரைப்படப் பாட்டையும் பதிந்துவிட்ட குடும்பங்கள் எண்ணிறந்தன.

அறிந்து அழிப்பதினும் அறியாது அழிவதே வீடுகளில் மிகுதி. பதிந்ததைப் பார்ப்பதற்காக நாடாவைப் பின்னோக்கிச் சுற்றி, நடுவில் நிறுத்தி, அந்நிலையிலேயே மறுநாட் பதிவைத் தொடங்கினால், எஞ்சியிருந்த காட்சி மாயும். இதனைத் தடுக்கும் உபாயம் ஒவ்வொரு கேசட்டிலும் அமைந்துள்ளது. வி.எச்.எஸ். கேசட்டின் பின்புறத்துச் சிறு பிளாஸ்டிக் துண்டை ஒடித்துவிட்டால் அதிற் பதிய இயலாது. மினி டிவியிலும் எட்டு மில்லிமீட்டர் கேசட்டிலும் ஒரு சிறு தாழை நகர்த்தினாற் போதும். நாடாவைக் கருவியிலிருந்து எடுத்தவுடன் அதனை நகர்த்துதலும், நாள், இடம், நிகழ்ச்சி என்னும் மூன்றையும் மேலே எழுதுதலும், பதியத் தொடங்குமுன் நாடாவின் முதல் அரை நிமிடத்தை வெறிதே விடுதலும் நல்ல பழக்கங்களாம். பெயரெழுதா நாடாவே முதலில் அழிக்கப்படுவது.

பாதுகாத்தலிலும் கருத்து வேண்டும். வெப்பமும் ஈரமும் நாடாவின் பகைகள். ஈரத்தால் அதன் பசை இளகிப் பிசுபிசுக்கும். நம் கடற்கரையூர்களின் மழைக்காலத்திற் பூஞ்சணமும் பிடிக்கும். வெண்மையாகப் பூஞ்சணம் படர்ந்த நாடாவைக் கருவியில் இட்டால், நாடா கிழிவதோடு, அக்கருவியில் அடுத்து இடும் நாடாவையும் அது பற்றும். ஆகவே முற்றும் ஒரு பக்கமாகச் சுற்றி, பெட்டியுள் இட்டு, புத்தகம் போல நிறுத்தி, உலர்ந்த குளிர்ந்த இடத்தில், ஒலிபெருக்கி போன்ற காந்தமுள்ள பொருள்களுக்கு அப்பால் வைத்தல் வேண்டும்.

இத்துணையும் செய்யினும் நாடா நெடுநாள் நில்லாது. நாடா நின்றாலும் அதனை ஓட்டும் கருவி நில்லாது. சோனி நிறுவனத்தார் பீட்டாமாக்ஸ் கேசட் விற்பனையை 2016 மார்ச்சில் முடித்தனர். அவ்வாண்டு ஜூலையில் ஜப்பானின் புனாய் நிறுவனத்தார் வி.எச்.எஸ். கருவி செய்தலை நிறுத்தினர். ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட ஒலிக் காப்பகத்தார் 2015-இல் வெளியிட்ட எச்சரிக்கையில், 2025-ஆம் ஆண்டையே நாடாக்களை மாற்றிப் பதிவதற்குக் கெடுவாகக் குறித்தனர். அக்கெடுவும் கடந்துவிட்டது. பழுது பார்ப்போரும், உதிரி உறுப்புகளும், மினி டிவியைக் கணினியோடு இணைக்கும் பயர்வயர் வாயிலும் நாளுக்கு நாள் அருகி வருகின்றன.

ஆதலால் இன்று நாடா வைத்திருப்போர் முதலிற் செய்யத்தக்கது படியெடுத்தலே. ஒரு மணி நேர மினி டிவி நாடா கணினியில் ஏறத்தாழ 13 கிகாபைட் இடமே கொள்ளும். நல்ல கருவி கிடைத்த அன்றே, மீண்டும் கிடைக்கப்பெறாத பதிவுகளை முதலில் எடுத்து, ஒன்றுக்கு இரண்டாகப் படி செய்து வெவ்வேறிடங்களில் வைத்தல் நன்று. படியெடுத்தபின்னும் மூலநாடாவை அழித்தலாகாது. ஓலைச்சுவடிகள் நம் காலம்வரை வந்தது, ஓர் ஓலை பல்லாயிரம் ஆண்டு நின்றமையாலன்று; செல்லுக்கும் பூச்சிக்கும் இரையாகுமுன் ஒவ்வொரு தலைமுறையும் பழையதைப் பார்த்துப் புதியதில் எழுதி வைத்தமையால்.

மாணவ அன்பர்களே, உங்களுட் பலர் கையில் நாடாவே இல்லை, கைப்பேசியே உளது. அதிலும் ‘இடமில்லை’ என்னும் அறிவிப்பு வரும். அப்போது எதை அழிப்பது என்னும் வினா எழும். நாடாவுக்குச் சொல்லிய விதியே அதற்கும் விடை. விடுமுறையில் ஊர் செல்லுங்கால், அலமாரியின் மூலையிற் பெயரெழுதாத கேசட் ஒன்று கிடப்பின், அதிலுள்ளது யாதென்று முதியோரை வினவுங்கள். அவர்கள் கூறுவதை அதன்மேல் எழுதுங்கள். பழைய பழைய நாடாவை ஓட்டுங் கருவி இன்னும் எங்கேனும் கிடைக்கும். அதில் யார் பேசுகிறார் என்று சொல்லத்தக்கவர் எத்துணைக் காலம் இருப்பர்?